காட்டுத் தாயாதிகள்

உங்கள் போண்டாவுக்குள் இருக்கும் உருளைக்கிழங்குக்குக் காட்டில் தாயாதிகள் உண்டு, தெரியுமா? பெரு, மெக்சிகோ பக்கம் நூறு வகைக்கு மேல். பெரும்பாலும் கோலிக்குண்டு சைஸ், கசப்பு, சிலது விஷம். ஆனால் பனிக்கும் பூச்சிக்கும் அசராத ஜாதி.

இவற்றின் அருமை தெரிந்த ஒருவர் நம் தேனாம்பேட்டையில் வசித்தார். எம்.எஸ்.சுவாமிநாதன். 2023-ல் 98 வயதில் அவர் காலமானபோது பெரும்பாலும் கோதுமை, நெல் பற்றித்தான் பேசினோம். 1952-ல் கேம்பிரிட்ஜில் அவர் டாக்டர் பட்டம் வாங்கியது உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்கு! அப்புறம் விஸ்கான்சினில், ஆண்டிஸ் மலையின் காட்டு இனமான 'சொலானம் அகௌலே'யின் குளிர் தாங்கும் குணத்தைச் சாப்பாட்டுக் கிழங்குக்குக் கொண்டுவந்தார். அந்த வழியில் பிறந்தது 'அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ்' ரகம்.

அன்றைக்கு இது பொறுமைக்காரர்கள் வேலை. ஒட்டுச் சேர்த்தால் நல்ல குணத்தோடு கசப்பும் கூடவே வரும். அதைக் கழிக்கப் பல தலைமுறை வளர்க்க வேண்டும். 2011-ல் உருளையின் ஜீனோமைப் படித்து வெளியிட்டார்கள், சுமார் 39,000 ஜீன்கள். சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் அதில் கூட்டு. இப்போது நாற்றிலேயே டி.என்.ஏ. பார்த்து, வேண்டிய ஜீன் வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, காட்டுச்செடியே அழிந்துபோனால்? 1845-ல் அயர்லாந்தில் கருகல் நோய் வந்தது. ஒரே ரகத்தை நம்பியிருந்த ஏழைகளும், பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் உயிர்களும் போயின. அதை எதிர்க்கும் ஜீன்கள் மெக்சிகோவின் காட்டு உருளை ஒன்றில் இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

களை என்று எதையாவது பிடுங்குமுன், அது யாருக்குச் சொந்தம் என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.