பெயரில் இல்லாத ஊர்

இத்தாலியர்களின் குடும்பப் பெயர்களைப் பற்றி அண்மையில் படிக்க நேர்ந்தது. ரோமானோ, மிலானோ, ஜெனொவேசே, லொம்பார்தோ என ஊரையும் வட்டாரத்தையும் சுட்டும் பெயர்கள் அங்கே ஏராளம். லொம்பார்தியா என்பது இத்தாலியின் வடபகுதி. ஆனால், லொம்பார்தோ என்னும் பெயர் மிகுந்திருப்பதோ தெற்குக் கோடியிலுள்ள சிசிலித் தீவில்! சற்றே எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மிலான் நகரிலேயே வாழ்பவரை எவரும் 'மிலான்காரர்' என்று விளிப்பதில்லை. ஊரை விட்டுப் பெயர்ந்தவரையே அவ்வூரின் பெயர் பின்தொடர்கிறது.

தமிழுக்கு இது புதிதன்று. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரின் பெயரைப் பாருங்கள். சீத்தலையிலிருந்து வந்தவர், மதுரையில் கூலம் விற்றவர். வந்த ஊர், வாழ்ந்த ஊர், செய்த தொழில் மூன்றும் ஒரே பெயரில் அடங்கிவிட்டன. நம் காலத்திற்கு நெருங்கி வந்தால் அரியக்குடி, செம்மங்குடி என்று ஊரைச் சொன்னாலே இசைவாணர் நினைவுக்கு வருகிறார். உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரம். அறிஞர் அண்ணாவின் 'சி' காஞ்சிபுரத்தின் ஆங்கில வடிவமான காஞ்சீவரம். பெரியாரின் 'ஈ' ஈரோடு.

வேறுபாடு ஒன்றுண்டு. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குதோறும் பதிவேட்டில் எழுதுமாறு பணித்தது. இத்தாலியரின் குடும்பப் பெயர்கள் தலைமுறைதோறும் மாறாமல் நிலைத்ததில் அப்பதிவேடுகளுக்குப் பெரும்பங்குண்டு. நம் ஊர்ப்பெயரோ தலையெழுத்தாகவே நின்றது. பேரனிடம் வரும்போது அது உதிர்ந்துவிடவும் கூடும்.

பினாங்கில் தமிழர் ஊர்களைத் தேடினால் அவை மனிதர்களின் பெயர்களைவிடத் தெருவிலும் வழிபாட்டிடத்திலுமே அதிகம் கிடைக்கும். சூலியா என்பது சோழ நாட்டைக் குறிக்கும் சொல்லின் திரிபு என்பர். அத்தெருவிலேயே நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா இருக்கிறது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்கள் தத்தம் ஊரின் பெயரால் ஒன்றுகூடின. நகரத்தார்க்கோ இளையாற்றங்குடி, மாற்றூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களே குலப் பிரிவுகள்; எந்த நாட்டில் கடை நடத்தினாலும் அவர்களின் ஊர் தொலையவில்லை.

தொலைந்தது தோட்டத் தொழிலாளியின் ஊர்தான். வணிகருக்குச் சொந்த ஊரோடு கடிதமும் கணக்கும் இருந்தன. ஒப்பந்தக் கூலியாகவும், 1910-க்குப் பின்னர்ப் பெரும்பாலும் கங்காணி வழியாகவும் வந்தவருக்குத் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி மட்டுமே இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடைக் காவலில் கிடந்து, செபராங் பிறைக் கரும்புத் தோட்டத்திற்குப் போய்ச் சேர்ந்தவரிடம் 'நீ எவ்வூரான்?' என்று கேட்க அங்கே யாருக்கும் தேவை இருக்கவில்லை. 1948-இல் அடையாள அட்டை வந்தது. பின்னர் நம் பெயர்களின் நடுவே 'ஏ/எல்', 'ஏ/பி' என்னும் எழுத்துகள் அமர்ந்தன. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதோடு பெயர் முடிந்தது. ஊருக்கு அங்கே இடமில்லை.

என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் பூர்வீக ஊரைக் கேட்டு வருமாறு ஒருமுறை சொன்னேன். பெரும்பாலோர் 'இந்தியா' என்று எழுதி வந்தனர். சிலர் 'சேலம்', 'தஞ்சாவூர்' என மாவட்டத்தோடு நின்றனர். ஒரு சிறுமி மட்டும் ஊரை எழுதாமல், குலதெய்வத்தின் பெயரை எழுதியிருந்தாள். "பாட்டிக்கு இது மட்டுந்தான் ஞாபகம் இருக்காம், டீச்சர்" என்றாள். அன்று அவ்வகுப்பிலேயே மிகுந்த பயனுள்ள விடை அதுதான். அரிய பெயருடைய குலதெய்வமாயின் அக்கோயிலைத் தேடினாலே ஊர் அகப்பட்டுவிடும். மாரியம்மனாகவோ முனீசுவரராகவோ இருந்தால் பெரும்பாடு!

இதற்கிடையே மற்றோர் ஊர்ப்பெயர் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. தோட்டம் விற்கப்பட்டு நகருக்கு வந்தவர்களை 'கலிடோனியாக்காரர்', 'பத்து காவான் அக்கா' என்று இன்றும் அழைக்கின்றனர். மிலானோவுக்கு நேர்ந்ததேதான். தோட்டத்தில் இருந்தவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. ஆனால், இப்பெயரும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் ஊர்ப்பெயர் பிழைத்தது அப்பாவின் தகரப் பெட்டியில் கிடந்த பழைய திருமண அழைப்பிதழில். பெரியப்பாவின் திருமணத்திற்காக 1961-இல் அச்சிட்டது. மணமகன் பெயருக்கு மேலே, நாமக்கல் வட்டத்துச் சிற்றூர் ஒன்றைப் 'பூர்வீகமாகக் கொண்ட' என்று தாத்தாவைப் பற்றி ஒரு வரி. எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா அச்சகத்தில் நின்று அந்த வரியைச் சேர்க்கச் சொன்னாராம். காகிதத்தின் மடிப்பு சரியாக ஊர்ப்பெயரின் மேலே விழுந்து இரண்டு எழுத்துகள் அழிந்துவிட்டன. அவற்றை அத்தை சொல்லித்தான் நிரப்பினோம். அவருக்கு இப்போது எண்பத்தெட்டு வயது.

சென்ற மாதம் என் மகளின் திருமண அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்தபோது அந்த வரியை அப்படியே சேர்த்தேன். 'இப்போதெல்லாம் யாரும் இதைப் போடுவதில்லையே' என்றார் அச்சகத்தார். இடமில்லை என்பதால் எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்துப் போட்டுக் கொடுத்தார்.