செவி கற்பித்த நிரல்

வயலின் கலைஞர் ஒருவர் ஒரு சுரத்தை நீட்டி வாசிக்கும்போது அவர் விரல் தந்தியின்மீது மெல்ல அசைகிறது. அவ்வசைவால் சுரம் விநாடிக்கு ஏறத்தாழ ஆறு முறை தன் நிலையிலிருந்து சற்றே உயர்ந்தும் தாழ்ந்தும் வருகிறது. கேட்பவருக்கு அதில் உயிர்த்துடிப்பு தெரிகிறது. இந்தச் சிறிய அசைவை இசைக்கலைஞர் ஒருவர் கணினியிடம் ஒப்படைத்து, அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே சென்றார். அதிலிருந்து மின்னணு இசையின் போக்கை மாற்றிய கண்டுபிடிப்பு ஒன்று பிறந்தது. அவர் ஜான் சௌனிங்.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு பிறந்த சௌனிங், தாளக் கருவிகள் வாசிப்பதில் தேர்ந்தவர். பாரிஸ் நகரில் நாதியா பூலாஞ்சே என்னும் புகழ்பெற்ற இசை ஆசிரியரிடம் பயின்றபின், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்குச் சேர்ந்தார். அதுவரை அவர் கணினியின் அருகே சென்றதில்லை. பொறியியலோ உயர்கணிதமோ கற்றவரும் அல்லர்.

1964ஆம் ஆண்டு அவர் கைக்கு ஒரு கட்டுரை வந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மேக்ஸ் மேத்யூஸ் அதற்கு முந்தைய ஆண்டு அதனை வெளியிட்டிருந்தார். 1957ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். 704 என்னும் கணினியைக் கொண்டு 17 விநாடி இசையை உருவாக்கிக் காட்டியவர் மேத்யூஸ். அவர் கொள்கை எளிமையானது. ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதனை விநாடிக்குப் பல்லாயிரம் எண்களாகக் குறிக்கலாம். அவ்வெண்களை மின்னழுத்தமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் ஒலி மீண்டும் பிறக்கும். அவ்வாறெனில், எண்களைப் புதிதாகக் கணக்கிட்டு, எக்கருவியிலும் பிறவாத ஒலியையும் படைக்கலாம் அன்றோ?

இக்கருத்து சௌனிங்கை உறங்கவிடவில்லை. நிரலாக்க வகுப்பில் சேர்ந்தார். மேத்யூஸை நேரில் சந்தித்து, அவருடைய இசை நிரல் பதிந்த துளையட்டைகள் நிறைந்த ஒரு பெட்டியுடன் திரும்பினார். அப்பெட்டியைக் கணினியில் இயங்கச் செய்ய, கணினி அறிந்த இளநிலை மாணவர் ஒருவர் துணைநின்றார். முப்பது வயது இசைக்கலைஞர் தம்மினும் இளையவரிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தார். அதற்கு அவர் நாணவில்லை.

நிரல் எழுதக் கற்றதும் வேறொரு தடை எதிர்ப்பட்டது. கணினி தந்த ஒலி பிழையற்றதாக இருந்தது; ஆனால் உயிரற்றும் இருந்தது. இயற்கையான ஒரு சுரத்திற்குள் பல அதிர்வெண்கள் ஒருங்கே ஒலிக்கின்றன. அவை ஒவ்வொன்றும் கணத்திற்குக் கணம் மாறுகின்றன. அவற்றைத் தனித்தனியே அமைக்கப் பல அலையியற்றிகள் தேவை. அக்காலக் கணினியிலோ சில விநாடி ஒலிக்குப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

1967ஆம் ஆண்டு அவர் சுர அசைவைக் கொண்டு சோதனை செய்தார். ஓர் அலையியற்றியின் அதிர்வெண்ணை மற்றோர் அலையியற்றி அசைக்குமாறு நிரலை அமைத்தார். விநாடிக்கு ஆறு என்றிருந்த அசைவை இருபதாகவும் நூறாகவும் உயர்த்தினார். அசைவின் அளவையும் பெருக்கினார். ஓர் எல்லையைக் கடந்ததும் அசைவு செவிக்குப் புலப்படவில்லை. அதன் இடத்தில் செறிவான, முற்றிலும் புதிய ஓர் ஒலி கேட்டது. இரண்டே அலையியற்றிகள் பலவற்றின் பணியைச் செய்தன.

தற்செயலாகக் கேட்டது என்று அவர் அதனை விட்டுவிடவில்லை. எண்கள் அனைத்தையும் இரட்டித்துப் பார்த்தார். ஒலி தன் தன்மை மாறாமல் ஒரு ஸ்தாயி மேலே சென்றது. ஒழுங்கு ஒன்று உள்ளே இயங்குவது உறுதியாயிற்று. வானொலி ஒலிபரப்பில் பயன்படும் அதிர்வெண் பண்பேற்றத்தின் கணிதமே இதற்கும் பொருந்தியது. இரு அதிர்வெண்களின் விகிதம் 1:1 போன்ற முழு எண்களாக அமைந்தால் ஒலி இசைக்கருவியை ஒத்திருக்கும், 1:1.4 போல அமைந்தால் மணியோசை பிறக்கும்.

டிரம்பெட் ஓசையை ஆராய்ந்த பிரெஞ்சு இசைஞர் ழான் குளோட் ரிசே, ஓசை வலுக்கும்போது அதனுள் மேல் அதிர்வெண்களும் பெருகுகின்றன என்று கண்டிருந்தார். 1971ஆம் ஆண்டு அது சௌனிங்கின் நினைவுக்கு வந்தது. வீச்சு உயரும்போது பண்பேற்றமும் உயருமாறு நிரலில் ஒரு மாற்றம் செய்தார். கணினி உலோகக் குழலைப் போல முழங்கியது.

உலகம் உடனே செவிசாய்க்கவில்லை. பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பணி வழங்க மறுத்தது. குடும்பப் பொறுப்புடைய அவர் வேலையிழந்தார். அமெரிக்க ஆர்கன் தயாரிப்பாளர்கள் அவர் கண்டுபிடிப்பின் பயனை உணரவில்லை. ஜப்பானின் யமஹா நிறுவனத்துப் பொறியாளரே அதன் மதிப்பைச் சில நிமிடங்களில் அறிந்துகொண்டார். அந்நிறுவனம் உரிமம் பெற்றது. பல்கலைக்கழகமும் சௌனிங்கை மீண்டும் அழைத்துக்கொண்டது. 1975ஆம் ஆண்டு அங்கு இசைக்கான கணினி ஆய்வு மையம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் அவரும் ஒருவரானார். 1983ஆம் ஆண்டு யமஹா வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்னும் மின்னணு இசைக்கருவி ஒரு இலட்சத்திற்கும் மேல் விற்றது. முதல் சோதனைக்கும் அதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

சௌனிங் தம்மை ஓர் இசைக்கலைஞராகவே கருதினார். 1977ஆம் ஆண்டு அவர் இயற்றிய 'ஸ்ட்ரியா' என்னும் இசைப்படைப்பில், 1.618 என்னும் பொன் விகிதத்தைக் கொண்டு சுரங்களின் இடைவெளியையும் ஒலிகளின் தன்மையையும் நிரல் வழியே வகுத்தார். அதன் ஒவ்வோர் ஒலியும் கணினியில் பிறந்தது. ஆயினும் எது இருக்க வேண்டும், எது நீங்க வேண்டும் என்பதை அவர் செவியே முடிவு செய்தது.

அன்று பெரும் ஆய்வகம் வேண்டியிருந்த பணியை இன்று சிறிய மடிக்கணினியே நொடியில் செய்துவிடுகிறது. ஆனால் ஓர் எண்ணை மாற்றியபின் பொறுமையுடன் கேட்பதையும், கேட்டது ஏன் அவ்வாறு ஒலித்தது என்று வினவுவதையும் கற்பவரே செய்தாக வேண்டும். நிரலாக்கம் தெரியாமல் தொடங்கிய இசைக்கலைஞர் வென்றது அவ்விரண்டையும் விடாது செய்ததனால்தான்.