ஓரத்தில் வைத்த இழைப்புளி



என் அத்தா தச்சு வேலை செய்தவர். இளமையில் சிங்கப்பூரில் ஒரு மரச்சாமான் பட்டறையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியபோது, துணிமணிகளைவிடப் பத்திரமாக அவர் சுற்றிக் கொண்டுவந்தது ஓர் இரும்பு இழைப்புளி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்யப்பட்ட 'ரெக்கார்டு' ஐந்தாம் எண். ஏறத்தாழ 14 அங்குல நீளம். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்னும் ஹதீஸ் முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. அதை அத்தா தம் வாழ்நாளில் எத்தனை முறை எங்களுக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. கருவிகளைப் பற்றி அவர் வகுத்திருந்த விதிகளுள் முதலாவது இது: வேலை நின்றால் இழைப்புளியைப் பக்கவாட்டில் சாய்த்து, மேசையின் நடுவில் வை, ஓரத்தில் வைக்காதே.

நான் தச்சன் ஆகவில்லை. மார்க்கக் கல்வியில் பட்டயம் பெற்று மதரஸா ஆசிரியன் ஆனேன். ஆயினும் அத்தாவின் வஃபாத்துக்குப் பின் அந்தக் கருவி என் கைக்கு வந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் ஆலங்குடிப் பகுதியின் தென்னைகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் கொல்லையில் விழுந்த பலாவை அப்போதே அறுத்து, பலகைகளாக அடுக்கி உலர வைத்திருந்தோம். மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பேறிய அந்தப் பலகைகளைக் கொண்டு, பிள்ளைகள் குர்ஆனை விரித்து வைத்து ஓதுவதற்கு ரைஹால் பலகைகள் செய்யலாம் என்று அண்மையில் எண்ணினேன். வெள்ளிக்கிழமைகளில் மதரஸா திண்ணையில் வேலை நடந்தது. மூத்த மாணவர்கள் சிலர் உதவிக்கு வருவார்கள். அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மிகுந்த ஆர்வமுடையவன். அவனுடைய தந்தை வளைகுடாவில் வேலை பார்க்கிறார்.

ஒரு வெள்ளியன்று கைபேசி ஒலித்தது. கையிலிருந்த இழைப்புளியை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தேன். மரச்சுருள்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அந்தச் சிறுவனின் முழங்கை பட்டது. இழைப்புளி கருங்கல் தரையில் விழுந்தது. ஓடி வந்து எடுத்துப் பார்த்தேன். கைப்பிடி இரண்டாகப் பிளந்திருந்தது. அலகு வெளிவரும் வாயின் மூலையிலிருந்து பக்கச் சுவரில் மேல்நோக்கி, முடியிழைபோல் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

மற்றப் பிள்ளைகள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, "உன்னை நம்பி எதைத்தான் கொடுப்பது?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. கூட்டிய சுருள்களை மூட்டையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் நடக்கும் வகுப்புக்கு அவன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதானால், அவனைப் பற்றி அதிகம் நினைக்கவே இல்லை. இழைப்புளியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அதை எடுத்துக்கொண்டு அறந்தாங்கியில் ஒரு கேஸ் வெல்டிங் பட்டறைக்குச் சென்றேன். தண்ணீர் மோட்டார்களின் உடைந்த வார்ப்பிரும்புப் பாகங்களை ஒட்டித் தருவதில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் அவசரப்படவில்லை. விரிசலின் மீது மண்ணெண்ணெய் தடவினார். துணியால் நன்கு துடைத்தார். சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினார். சற்று நேரத்தில் விரிசலுக்குள் இறங்கியிருந்த எண்ணெய் கசிந்து, பொடியின் மீது கோடாகத் தெரிந்தது. என் கண்ணுக்கு ஓர் அங்குலமாகத் தெரிந்த விரிசல் உண்மையில் ஒன்றரை அங்குலம்.

"எப்படி விழுந்தது, பாய்?" என்று கேட்டார்.

"ஒரு பையன் தட்டிவிட்டான், ஐயா."

"எங்கே வைத்திருந்தீர்கள்?"

"மேசை ஓரத்தில்."

"ஓரத்தில் வைத்தது விழத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையில் இறங்கினார்.

அவர் குற்றம் சாட்டவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கோ முகம் சுருங்கிவிட்டது. அமானிதத்தைப் பற்றிய ஃபிக்ஹுச் சட்டத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். தன் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள் கெட்டுவிட்டால், வரம்பு மீறலோ கவனக்குறைவோ இல்லாதவரை அமானிதக்காரர் மீது இழப்பீடு இல்லை என்பது அதன் அடிப்படை. அந்தச் சிறுவன் கையில் நான் எதையும் ஒப்படைத்திருக்கவே இல்லை. அத்தாவின் அமானிதம் என் கையில் இருந்தது, கவனக்குறைவும் என்னுடையது. நான் அளிக்க வேண்டிய தீர்ப்பை, அந்தக் கிதாபைத் திறந்தே பார்த்திராத ஒரு பெரியவர் ஒரே வாக்கியத்தில் அளித்துவிட்டார்.

அவர் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். விரிசல் முடியும் இடத்தில் சிறு துளையிட்டார்; அது மேலும் ஓடாமல் தடுப்பதற்கு. பிறகு விரிசலை வாய்க்கால்போல் அராவி அகலமாக்கினார். "கரண்ட் வெல்டிங் வைத்தால் சீக்கிரம் முடியுமே?" என்றேன். அவர் மறுத்தார். வார்ப்பிரும்பில் கரி அதிகம். அது வளைந்து கொடுக்காது. ஓரிடத்தில் மட்டும் சட்டென்று சூடேற்றினால், அந்த இடம் விரியப் பார்க்கும். குளிர்ந்த மற்றப் பகுதி விடாது. வேறோர் இடத்தில் புதிதாக வெடிக்கும். வேகமாகக் குளிர்ந்தாலோ ஒட்டிய இடம் அரம் ஏறாத அளவுக்குக் கடினமாகி, மீண்டும் உடையும். ஆகவே, உதிரிப் பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு, உடல் முழுவதையும் கரி நெருப்பில் மெல்ல மெல்லச் சூடேற்றினார். வெண்காரம் தூவி, பித்தளைக் கம்பியை உருக்கி வாய்க்காலில் ஓடவிட்டார். பித்தளை ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் உருகிவிடும்; வார்ப்பிரும்பு உருக 1100 பாகைக்கு மேல் வேண்டும். இரும்பு உருகாமலே பித்தளை அதைப் பற்றிக்கொள்கிறது. முடிந்தவுடன் சூடான சாம்பலுக்குள் புதைத்து, "நாளைக்கு வாருங்கள், பாய். இன்றைக்கு எடுத்தால் இவ்வளவும் வீண்" என்றார்.

வெறுங்கையோடு ஊர் திரும்பிய நான், வீட்டுக்குப் போகாமல் நேராக அந்தச் சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். அவனுடைய தாயார் கதவின் பின்னால் நின்று, "உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் வரவில்லை என்று சொன்னானே, உஸ்தாத்" என்றார். விடிந்ததும் பக்கத்துத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறானாம். நான் திண்ணையில் காத்திருந்தேன். வந்தவன் என்னைக் கண்டதும் உள்ளே ஓடி, ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து நீட்டினான். அதில் 180 ரூபாய் இருந்தது.

"மீதியைச் சீக்கிரம் தந்துவிடுகிறேன், உஸ்தாத். கடனோடு மவுத்தானவருக்கு ஜனாஸா தொழ வைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

நான் நடத்திய பாடத்தை அவன் மறக்கவில்லை. நான்தான் மறந்திருந்தேன்.

அவனை அருகில் அமர்த்தி, அமானிதச் சட்டத்தை விளக்கினேன். அவன் மீது எந்தக் கடனும் இல்லை என்றும், ஓரத்தில் வைத்தவன் நானே என்றும் சொன்னேன். "என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் தலையை மட்டும் அசைத்தான். ஆனால் முகம் தெளியவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் காரணம் புரிந்தது. அவனைச் சொன்னது பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால். மன்னிப்புக் கேட்டது யாரும் இல்லாத திண்ணையில்.

மறுநாள் காலை வகுப்புக்கு அவன் வந்திருந்தான். ஓதத் தொடங்குவதற்கு முன், எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது என்பதையும், அவன் பூப்பறித்துச் சேர்த்த பணத்தை என்னிடம் நீட்டியதையும் சொல்லி, மீண்டும் மன்னிப்புக் கேட்டேன். நாற்பதைக் கடந்த ஆசிரியனுக்கு அது எளிதாக இல்லை. அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தும், ஒருமுறைகூடச் சலிப்பான சொல்லைக் கேட்டதில்லை. இந்த ஹதீஸை மனப்பாடமாகச் சொல்பவன், ஓர் இரும்புக்காக ஒரு பிள்ளையின் நம்பகத்தையே ஊரறியக் கேள்வி கேட்டிருந்தேன்.

பிறகு இருவரும் சேர்ந்து மீதி வேலையைத் தொடங்கினோம். கைப்பிடியை அரால்டைட் பசையால் ஒட்டி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிக் கட்டினோம். சூடேறியதில் அடிப்பாகம் சற்று வளைந்திருந்தது. தடித்த கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அலகைப் பொருத்தி இறுக்கி, அதன் நுனியை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு தேய்த்தோம். அடியில் பென்சிலால் கோடுகள் போட்டுவிட்டுத் தேய்த்தால், மேடான இடத்தின் கோடு முதலில் அழியும். எல்லாக் கோடுகளும் அழிந்தால் தளம் சமம். அஸருக்குப் பின் ஐந்து மாலைகள் இதில் கழிந்தன. முதல் சுருளை அவனே இழைத்தான். கிழியாமல், பலகையின் நீளத்துக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பித்தளைக் கோடு மட்டும் கறுத்த இரும்பில் மஞ்சளாகத் தெரிகிறது. "கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாமே, உஸ்தாத்" என்றான் ஒரு பொடியன். நபி (ஸல்) அவர்களின் மரக்குவளை ஒன்று அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்ததையும், அது விரிசல் கண்டபோது வெள்ளியால் பிணைக்கப்பட்டதையும், பின்னால் வந்தோர் அந்தப் பிணைப்போடு அதைக் கண்டதையும் புகாரீயிலிருந்து எடுத்துச் சொன்னேன். கோடு அப்படியே இருக்கிறது.

இப்போது இருபத்திரண்டு ரைஹால் பலகைகள் முடிந்துவிட்டன. வேலை நிற்கும்போதெல்லாம் அந்தச் சிறுவன் இழைப்புளியைச் சாய்த்து, மேசையின் நடுவில் வைக்கிறான். சில நேரங்களில் நான் வைத்ததையும் எடுத்து நகர்த்தி வைக்கிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு பொருள் உடைந்தால், பிள்ளையைக் கேட்பதற்கு முன் அதை எங்கே வைத்திருந்தோம் என்று நம்மைக் கேட்டுக்கொள்வோம். பலர் முன்னிலையில் சொன்ன கடுஞ்சொல்லைப் பலர் முன்னிலையிலேயே திரும்பப் பெறுவோம்.

யா அல்லாஹ்! எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் எங்கள் நாவுகளைப் பேணுவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.