முள்ளும் எலுமிச்சம்பழமும்

தனித்தனிப் பாகங்களாய் வாங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு முற்றத்தில் நாமே பூட்டிய மோட்டார் வண்டியொன்று நமக்குண்டு. அதன் பெட்ரோல் முள்ளோ ஒரு கணம் நிறைவு காட்டும். மறுகணம் வெறுமை காட்டும். நிறைவு காட்டிய வேளையில் அதை நம்பி, நோயுற்ற தாயாரைக் கிள்ளானிலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கூட்டரசு நெடுஞ்சாலையின் நடுவே, கொளுத்தும் வெயிலில், பெட்ரோலின்றி வண்டி நின்றுவிட்டது.

"கண்ணேறு பட்டிருக்கிறது, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வையுங்கள்" என்றனர் உறவினர். வைத்தோம். பழம் நசுங்கிற்று, முள் திருந்தவில்லை.

பின்னரே ஆராயத் தொடங்கினோம். தொட்டியினுள் மிதவை ஏறியிறங்க மின்தடை மாறுகிறது. அதற்கேற்ப முள் அசைகிறது. அம்மின்சாரம் பாட்டரிக்குத் திரும்ப வழி வேண்டுமன்றோ? இரும்புடல் வண்டியில் உடலே வழியாகும். நமது வண்டியின் உடலோ கண்ணாடியிழை. அதில் மின்சாரம் பாயாது. தனி எர்த் கம்பி ஒன்றே வழி. அக்கம்பியைப் பிணைத்த திருகாணி துருவேறித் தளர்ந்து கிடந்தது! வேறொரு கம்பியால் மிதவைக் கருவியைப் பாட்டரியின் எதிர்மின் முனையோடு இணைத்துப் பார்த்தோம்; முள் நிலைத்தது. துருவைச் சுரண்டி, திருகாணியை முடுக்கினோம்.

அன்பர்களே! அன்று தாயார் வெயிலில் வாடியது எவர் கண் பட்டதாலும் அன்று. நம் கண் படாத ஒரு திருகாணியால்.