ஓர் இலையாவது விட வேண்டும்

எமது வீட்டு முன்றிலில் ஒரு தட்டிலே இத்திமரம் ஒன்று நிற்கின்றது. வயது பதினைந்துக்கு மேல். உயரமோ இரண்டு சாண்தான். அடிமரம் தடித்து, சிறு விழுது ஒன்றும் இறங்கி, கோயிலடி ஆலமரத்தைத் தொலைவிலிருந்து காண்பது போலத் தோன்றும். இத்தகைய குறுமரத்தை ஜப்பானியர் ‘பொன்சாய்’ என்பர். தட்டில் நட்டது என்பதே அச்சொல்லின் பொருள். கண்டியிலுள்ள நண்பரொருவர், பழஞ்சுவரின் வெடிப்பில் முளைத்த கன்றைப் பெயர்த்தெடுத்து அருமையாக வளர்த்து, நாம் ஹற்றனுக்குக் குடிவந்தபோது அன்பளிப்பாகத் தந்தார்.

ஆல், அரசு, அத்தி, இத்தி யாவும் ஒரே இனம், வெயிலை விரும்புபவை. ஹற்றனோ ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள ஊர். மழையும் மூடுபனியும் மாறி மாறி வர, இரண்டாண்டில் மரத்தின் கோலம் மாறிவிட்டது. உள்ளிலைகள் யாவும் உதிர்ந்தன. கிளைகள் வெறுங்கோல்களாய் நீண்டு, நுனியில் மட்டும் நாலைந்து இலைகளைத் தாங்கி நின்றன.

நாம் படித்தவரல்லவா? நூல்களைப் புரட்டினோம். கிளையின் நுனிக்குருத்து ‘ஆக்ஸின்’ என்னும் வளர்ச்சிப் பொருளைச் சுரக்கின்றது; அது கீழே இறங்கி, மற்ற மொட்டுக்களை உறங்க வைக்கின்றது. உதிர்ந்த இலையின் தழும்புக்கு மேலே அம்மொட்டுக்கள் காத்திருக்கின்றன. நுனியை நறுக்கினால் அவை விழிக்கும். இவ்வளவு போதாதா? மார்கழிக் குளிரில் ஒருநாள், இரண்டு கிளைகளை இலையே இல்லாத இடம்வரை நறுக்கினோம். வெள்ளைப்பால் வடிந்தது. ஒரு மாதம் பார்த்தோம். இரண்டு மாதமும் பார்த்தோம். தளிர் வரவில்லை. பட்டை சுருங்கிக் கிளைகள் இரண்டும் காய்ந்தன.

அந்த ஆண்டில்தான் எமது தந்தையார் எம்முடன் வந்திருந்தார். கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பதாண்டு கவ்வாத்து வெட்டியவர். அந்தக் கூலியில்தான் நாம் பட்டதாரியானோம். அன்னையார் காலமானபின் லயத்தில் தனியே இருக்க வேண்டாமென்று அழைத்து வந்தோம். “இனி நீங்கள் ஒரு வேலையும் செய்யக்கூடாது, அப்பா” என்று சொல்லி வைத்தோம். கொல்லையைக் கொத்த மண்வெட்டியை எடுத்தார், வாங்கி வைத்துவிட்டோம். ஆசிரியர் தம் தகப்பனை வேலை வாங்குகிறார் என்று அயலார் சொல்லிவிடுவரோ என்ற அச்சமும் உள்ளே இருந்தது. அவர் முன்விறாந்தை நாற்காலியில் அமர்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. முதுமை என்று எண்ணினோம்.

மாசி மாதத்தில் ஒரு காலை, அவர் தட்டருகே குந்தி, காய்ந்த கிளையை நகத்தால் கீறிப் பார்த்தார்.

“யாரு தம்பி இதக் கவ்வாத்துப் பண்ணினது?”

“நான்தான் அப்பா.”

“ஒரு எலயாவது விட்டு வெட்டணும் தம்பி. எல்லாத்தையும் எடுத்துட்டா அது எப்படி மூச்சு விடும்?”

பல நாட்களுக்குப்பின் அவர் பேசிய நீண்ட பேச்சு அது. நாம் அருகில் அமர்ந்தோம், அவர் தொடர்ந்தார். உயர்ந்த குளிர்மலைகளில் தேயிலையை முழுவதும் மொட்டையாக வெட்டலாம். வேரிலே பலம் சேர்ந்திருக்கும். கீழ்மலைச் செடிக்கு அவ்வளவு பலமில்லை. அதனால் ஓரத்தில் ஒன்றிரண்டு வாதுகளை இலையோடு விட்டு வெட்டுவார்கள். புதுத்தளிர் வந்தபிறகே அவற்றையும் எடுப்பார்கள். வெட்டுவதற்கு முன்னே செடிக்குச் சில காலம் ஓய்வும் கொடுப்பார்கள்.

அவர் கையால் அறிந்ததை ஆராய்ச்சியாளரும் ஒப்புவர். வேரில் மாப்பொருள் போதிய அளவு உண்டா என்று அயடீன் இட்டுப் பார்ப்பதுண்டு. வேர் கருநீலமானால் வெட்டலாம். தானாக வளரவிட்டால் தேயிலையும் மரமே. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட நாள் முதல், அதை இடுப்பளவில் நிறுத்தி, வெறுங்கிளையிலிருந்து திரும்பத் திரும்பத் தளிர்க்க வைத்தது கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளே. மலைநாடு முழுவதும் தட்டில்லாப் பொன்சாய் தோட்டமல்லவா? அக்கலையில் வல்லவர் விறாந்தையில் இருக்க, நாம் நூலைப் புரட்டினோம்!

அன்று முதல் மரம் அவர் பொறுப்பு. தட்டை நல்ல வெயில் விழும் மதிற்சுவரின்மேல் வைத்து, வாரமொருமுறை திருப்பினார். சிறிது எரு இட்டார். மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றினார். நுனிகளைத் தொடாமல் வளரவிட்டார். பங்குனியில், குளிர் விட்டதும், கத்தியைத் தீட்டினார். ஒவ்வொரு கிளையிலும் நுனியை மட்டும் எடுத்து, கீழே இரண்டு இலைகளை விட்டார். பாலைத் துணியால் ஒற்றினார். வேரையும் இப்போதே நறுக்கித் தட்டை மாற்றலாமா என்று கேட்டோம். “ரெண்டு அடி ஒரே நேரத்துல தாங்காது தம்பி” என்றார்.

சித்திரை முடியுமுன், ஒரு காலை எம்மைக் கூப்பிட்டார். இலைத் தழும்புகளின் மேலே, குண்டூசித் தலையளவில், பச்சைப் புள்ளிகள்! வெறுங்கோலாய்க் கிடந்த கிளையில் ஏழு எண்ணினோம். நாம் வெட்டிய இரண்டு கிளைகள் மட்டும் வரவில்லை. அவற்றை அவர் மெதுவாக அடியோடு எடுத்துவிட்டார்.

அன்று கல்லூரியிலே பாடம் நடத்தியபோதும் மனம் அந்த வாக்கியத்தையே சுற்றிற்று. ஓர் இலையாவது விட வேண்டும். நாற்பதாண்டு உழைத்த மனிதரிடமிருந்து மண்ணை எடுத்தோம், கத்தியை எடுத்தோம், விடிந்தால் பெரட்டுக்குப் போகும் பழக்கத்தையும் எடுத்தோம். அன்பென்று நினைத்தே செய்தோம். மூச்சு விடுவதற்கு என்ன விட்டோம்?

மாலை வீடு திரும்பியதும், ஒளித்து வைத்த மண்வெட்டியை எடுத்துக் கொல்லைப்புறக் கதவோரம் சாத்தி வைத்தோம். ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது கொல்லையில் லீக்ஸும் கோவாவும் இருக்கின்றன. அயலார் விதைக்கும் நாற்றுக்கும் அவரைத் தேடி வருகின்றனர். ஆசிரியரின் தகப்பனார் வேலை செய்கிறாரே என்று எவரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கிறோம். முன்றிலுக்கு அழைத்துச் சென்று அந்த இத்திமரத்தைக் காட்டுவோம்.