ஓரத்தில் விட்ட கரி

இன்ஜினுக்குள் படியும் கரியை அழுக்கு என்று சொல்லிவிடுவது எளிது. அழுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது. இந்தக் கரி அப்படி வந்ததல்ல. எரிய வேண்டியது முழுதும் எரியாமல் போனதில் மிஞ்சியது. இன்ஜின் தன் வேலையினாலேயே தனக்குள் உண்டாக்கிக்கொண்டது. ஆகவே அதைச் சுரண்டி எடுப்பதை, வாசலைப் பெருக்குகிற காரியத்தோடு சேர்க்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பா விட்டுப்போன அம்பாசடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1489 ஸி.ஸி. பெட்ரோல் இன்ஜின். அந்தக் காரைச் செய்வதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். நத்தம் ரோட்டில் மேடு வந்தால் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போல் சத்தம். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் நாலைந்து தடவை உதறிவிட்டுத்தான் நிற்கும். படிந்த கரி சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. கங்காகிக் கனன்று, பிளக் பொறி விடுவதற்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடுகிறது. வீட்டில் விற்றுவிடச் சொன்னார்கள். பழைய இரும்பு எடுப்பவர் விலையும் சொல்லிவிட்டுப் போனார்.

பழுது கரி மட்டுமல்ல. பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000-த்தோடு நின்றது. ஈயம் விஷம், நிறுத்தியது நியாயம். ஆனால் அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே மெல்லிய பூச்சாக இருந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. அது போனதும் வால்வுகள் தாம் உட்கார்ந்த இடத்தைத் தாமே தின்று உள்ளே இறங்கின. வால்வு உட்காரும் இடத்தில் கடினமான உலோக வளையம் பதித்த வேறொரு ஹெட் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தது. சிம்மக்கல் பக்கம் ஒரு பட்டறையில் பழையதைக் கழற்றினோம்.

நான்கு பிஸ்டன்களின் தலையும் நான்கு விதமாக இருந்தன. இரண்டில் உலர்ந்த புகைக்கரி. ஒன்றில் ஓடு போல வெடித்த படிவு. நான்காவது ஈரமாக, எண்ணெய் மினுங்க இருந்தது. ஒரே பெட்ரோலைக் குடித்து, ஒரே தண்டைச் சுற்றியவை இவை. மேஸ்திரி அவற்றைப் பார்த்த பார்வையில் நாடி பிடிக்கும் வைத்தியரின் நிதானம் இருந்தது.

ஒன்றும் நான்கும் சேர்ந்து மேலே வரும். இரண்டும் மூன்றும் சேர்ந்து வரும். மேலே வந்த ஜோடியைச் சுரண்டும்போது மற்ற இரண்டு துவாரங்களிலும் துணியை அடைத்து, தண்ணீர் போகும் வழிகளையும் மூடிவிட வேண்டும். உதிரும் ஒரு துணுக்கு சிலிண்டர் சுவரில் கோடு கிழித்துவிடும். பிஸ்டன் அலுமினியம், இரும்புத் தகட்டால் சுரண்டினால் கரியோடு அதுவும் வரும். கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த கரி முதலில் பிடிக்கும். உப்புத்தாள் ஆகாது, அதன் மணல் ரிங்குக்குள் புகுந்து தேய்த்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து மூங்கில் சிம்பால் எடுக்க வேண்டும்.

மேஸ்திரி ஒரு பழைய ரிங்கைப் பிஸ்டன் தலையின் ஓரத்தில் வைத்தார். அதற்கு உள்ளே மட்டும் சுரண்டச் சொன்னார்.

"ரிங்கு தேஞ்ச வண்டி தம்பி. ஓரத்துல வளையமா விட்டுரணும். அதையும் வழிச்சுட்டா ஆயிலு மேல ஏறிரும்."

"புது ரிங்கு போட்டா?"

"அப்ப ஒரு பொட்டு விடக்கூடாது."

கவிதையில் வேண்டாத சொல்லை எடுப்பது பற்றி நமக்குள் நிறையப் பேசியிருக்கிறோம். எதை எடுக்கக் கூடாது என்று பேசியது குறைவு. பேசியபோதும் விட்டுவைப்பதையே ஒரு கொள்கையாக்கிக்கொண்டோம். மேஸ்திரியிடம் கொள்கை இல்லை. இந்த இன்ஜின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற அறிவுதான் இருக்கிறது. எடுப்பதும் விடுவதும் அதிலிருந்து வருகிறது. தேய்மானம் தெரியாதவன் செய்யும் சுத்தமும் பாதுகாப்பும் ஒரே அளவு குருட்டுத்தனம்தான்.

அப்பா இளவயதில் பஸ் கிளீனராக இருந்தவர். இரண்டாவது உலக யுத்தத்தின் பெட்ரோல் பஞ்சத்தில், மதுரையில் டி.வி.எஸ். தயாரித்த கரிவாயுக் கலங்களைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடின. போதாத காற்றில் கரியை எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு கிளம்பும். அதைக் குளிரவைத்து வடிகட்டி இன்ஜினுக்கு ஊட்டினார்கள். பெட்ரோலின் பலம் அதற்கு வராது. வடிகட்டிக்குத் தப்பிய சாம்பலும் தாரும் உள்ளே போகும். கலத்தைக் கிளறி மூட்டுவதும், ஹெட் இறக்கினால் சுரண்ட உட்காருவதும் அப்பாவின் வேலை. அந்தக் கரியை அவர் ஒருநாளும் அழுக்கு என்று சொன்னதில்லை. வண்டியை ஓட்டியது அதுதானே.

புது ஹெட்டை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் ஹெட் வளைந்துவிடும். இன்ஜினைச் சூடாக்கி ஆறவிட்டு இன்னொரு முறை முறுக்கினோம். மேட்டில் இப்போது சத்தம் இல்லை. ஆயில் குடிப்பது நிற்கவில்லை. ரிங் மாற்றாமல் நிற்காது. ஓரத்தில் விட்ட வளையத்தில் அப்பா ஓட்டிய காலத்துக் கரி எவ்வளவு, என் காலத்துக் கரி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ரிங் மாற்றுகிற அன்றைக்கு அதையும் ஒரு பொட்டு விடாமல் நானே சுரண்டியாக வேண்டும்.