காற்றாடிக்குத் தள்ளி ஒரு மேசை

ஜூன் மாதச் சனிக்கிழமை மதியம் பாலிக் புலாவ் லக்சா கடையில் காற்றாடிக்கு நேர் கீழே இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்தான். டுரியான் பருவம். ஜார்ஜ்டவுனிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு வந்த கார்கள் சாலையின் இரு ஓரமும் அடைத்து நிற்கின்றன. அப்படி வாய்த்த இடத்தை அந்தப் பெண் வேண்டாமென்றாள். அம்மாவையும் தம்பியையும் கிளப்பி, புழுங்குகிற சுவரோர மேசைக்குக் கூட்டிப்போனாள்.

"இங்கயா? வேர்க்குது லா."

"காத்து நேரா கண்ணுல அடிக்கும்டா."

தம்பி அதற்குமேல் பேசவில்லை. வீட்டில் பழகிப்போன விஷயம் போலிருக்கிறது.

நான் அடுத்த மேசை. அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்குகிறது. பாயான் லெப்பாஸ் பக்கம்தான் வேலையாக இருக்க வேண்டும். அங்கே 1972-இல் தொழிற்பேட்டை தொடங்கிய நாளிலிருந்து மலைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் சோறு போடுகிறது. நாள் முழுக்கக் குளிர்சாதனக் காற்று, உருப்பெருக்கி, கணினித் திரை. மனிதன் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் பதினைந்து முறை இமைக்கிறான். பார்வை ஒன்றிலேயே குத்தி நின்றால் அது பாதிக்கும் கீழே போய்விடும். இமைக்காத கண் காயும்.

பையிலிருந்து ஒன்றோடொன்று ஒட்டிய சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளை எடுத்தாள். ஒன்றைப் பிய்த்து, தலையைத் திருகி, அண்ணாந்து வலக்கண்ணில் ஒரு சொட்டு, இடக்கண்ணில் ஒரு சொட்டு. கண்ணாடியும் பார்க்கவில்லை, கையும் நடுங்கவில்லை. அடிக்கடி சொட்டு போடுகிறவர்களுக்கு இந்த ஒற்றைக் குப்பிதான் தருவார்கள். பெரிய புட்டியில் கெடாமலிருக்கக் கலக்கும் ரசாயனமே புண்பட்ட கண்ணை இன்னும் வாட்டும்.

லக்சா வந்தது. ஆவி பட்டுத் தம்பியின் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிப் போனது. கழற்றிச் சட்டையில் துடைத்தான். "உங்கக்காவும் இப்படித்தான் தொடச்சிக்கிட்டு இருப்பா" என்றார் அம்மா. அக்காவோ கிண்ணத்தின் மேல் குனிந்து கண்ணை மூடி, அந்தச் சூட்டை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தாள். இதமாக இருந்திருக்கும். இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுக்கச் சொல்வதுண்டு.

நிமிர்ந்தபோது கண்ணிரண்டிலும் நீர் வழிந்தது. பக்கத்து மேசைப் பாட்டி ஒருவர் டிஷ்யூவை நீட்டினார்.

"ஏம்மா, சாப்பிடுற எடத்துல அழுவுற?"

"அழல பாட்டி. கண்ணு காஞ்சிருக்கு."

"காஞ்ச கண்ணுல ஏது தண்ணி?"

பெண் சிரித்துவிட்டு டிஷ்யூவை வாங்கிக்கொண்டாள். பாட்டியின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் உண்டு. கண்ணை எந்நேரமும் மெல்லிய படலமாக நனைத்து வைப்பது ஒரு நீர். எரிச்சல் தாங்காமல் குபுகுபுவென்று கொட்டுவது இன்னொரு நீர். முதலாவது குறைந்தால் எரியும், எரிந்தால் இரண்டாவது கொட்டும். கொட்டியது கன்னத்தில் ஓடிவிடும், கண்ணில் தங்காது.

முதலாவது ஏன் குறைந்தது என்பதற்கு அம்மாவின் பேச்சில் விடை கிடைத்தது. "லேசிக் செஞ்சு எட்டு மாசமாச்சு. ஆறு மாசத்துல சரியாயிடும்னாங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைக்கச் செய்துகொள்ளும் லேசர் சிகிச்சை அது. கண்ணின் முன்புறத்துப் படலமான கார்னியா முழுவதற்கும் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். அதன் மேல்பக்கம் மெல்லிய மடல் ஒன்றை வெட்டி, புத்தக அட்டையைப் போலத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, திரும்ப மூடுகிறார்கள். சில நிமிட வேலை. மடலை வெட்டும்போது கூடவே நரம்புகளும் அறுபடும். கண் காய்கிறது என்று மூளைக்குச் சொல்லி, கண்ணீர்ச் சுரப்பியை முடுக்கிவிடுவது அந்த நரம்புகள்தான். அவை திரும்ப வளர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். பழைய அடர்த்திக்கு வர ஆண்டுகளும் ஆகலாம். பெரும்பாலோருக்கு வறட்சி அதற்குள் தணிந்துவிடும், சிலருக்குத் தங்கிவிடும். விளம்பரத் தாளில் சில நிமிடத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இந்த மாதக்கணக்கையும் அதே அளவில் போடலாம்.

அந்த லேசர் கதிரோடு நமக்கு ஒரு சொந்தமும் இருக்கிறது. சென்னையில் 1929-இல் பிறந்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுபோய் எக்சைமர் லேசரின் கீழ் வைத்தார். சுற்றியுள்ள தசை கருகாமல் வெட்டு மட்டும் சுத்தமாக விழுந்தது. ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் என்ற இருவரோடு சேர்ந்து அவர் கண்டதுதான் பின்னாளில் உலகமெங்கும் கண்ணுக்குப் போனது. வான்கோழிக்குக் கண் எரிந்திருக்காது.

இதையெல்லாம் வைத்து அவள் வருந்துகிறாள் என்று நினைத்தால் தவறு. சாலைக்கு அந்தப் பக்கத்து டுரியான் கடை அட்டையை உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்தாள். "ஆங் ஹே இருக்கும்மா. ஹோர் லோரும் இருக்கு." தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டும் கண்ணைச் சுருக்கினான்.

"நானும் செஞ்சுக்கவா? எனக்கும் இப்படி ஆவுமா?"

"எல்லாருக்கும் ஆவாது. எனக்கு லென்ஸ் போட்டுப் போட்டு முன்னமே கொஞ்சம் காஞ்சிருந்துச்சு. கிளினிக்குல கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"அவங்க செய்ய மாட்டோம்னுட்டா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். இது அவருக்கும் புதுச்செய்தி.

"நீ போனா உள்ளத சொல்லு," என்றாள் அவள் தம்பியிடம். "கீழ் இமையில ஒரு பேப்பர் துண்டு மாட்டுவாங்க. அஞ்சு நிமிஷம். பத்து மில்லிமீட்டராவது நனையணும்."

"நனையலன்னா?"

"கண்ணாடியோட இரு. உனக்கு நல்லாத்தான் இருக்கு."

"மொதல்ல எஸ்.பி.எம். பரீட்ச எழுதி முடி," என்ற அம்மா, ஜாதிக்காய்ச் சாறு இன்னொன்று கொண்டுவரச் சொல்லிக் கையைத் தூக்கினார்.